அப்பீல்: வென்றவர் பக்கத்திலிருந்து ஒரு வாசிப்பு

சிவில் வழக்கில் தோற்ற கட்சிக்காரரிடம் வக்கீல் அன்றைக்குச் சொல்லும் முதல் வார்த்தை, "காப்பிக்குப் போட்டுடலாம்" என்பதாகத்தான் இருக்கும். தீர்ப்பில் என்ன பிழை, மேல்கோர்ட்டில் எதை வாதாடுவது என்பதெல்லாம் அப்புறம். முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். அது கைக்கு வரும்வரை அப்பீல் வெறும் பேச்சு.

மேல்முறையீட்டு விதிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் தோற்றவருக்கான வழிகாட்டிகளாகவே அமைகின்றன: எத்தனை நாளுக்குள், எந்தக் கோர்ட்டில், எவ்வளவு கட்டணத்தோடு. அப்படிப் படித்தால் விதிகள் முழுக்க முட்டுக்கட்டைகளாகத் தெரியும். எதிர்த்தரப்பில் நின்று படித்துப் பார்க்க வேண்டும். வழக்கில் வென்றுவிட்டு, இனி இந்த நிலத்தில் கிணறு வெட்டலாமா, வீடு கட்டலாமா என்று காத்திருப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இது எப்போது முடியும்? உரிமையியல் நடைமுறைச் சட்டமும் காலவரையறைச் சட்டமும் அப்பீலுக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை அவருக்குச் சொல்லப்பட்ட பதில்கள். அந்தப் பதில்களை நீதிமன்றங்கள் எவ்வளவு காப்பாற்றியிருக்கின்றன என்பதுதான் இங்கே என் அக்கறை.

அப்பீல் இயல்பாகவே எவருக்கும் உள்ள உரிமை அன்று. சட்டம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆம் பிரிவில் முதல் மேல்முறையீட்டைத் தருகிறது. இரு தரப்பும் சமரசமாகி ஒப்புக்கொண்ட தீர்ப்பாணைக்கு எதிராக அதே பிரிவு அதை மறுக்கிறது. ஆனால் ஒருமுறை கிடைத்த உரிமை லேசில் போகாது. 1949 ஏப்ரலில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாபட்லா சார்பு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. சொத்தின் மதிப்பு 11,400 ரூபாய். நாட்டின் உச்ச அமைப்புக்கு மேல்முறையீடு செய்ய அப்போது 10,000 ரூபாய் மதிப்பு போதும். பிறகு வந்த அரசமைப்புச் சட்டம் அந்த வரம்பை 20,000 ஆக்கியது. 1955-இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் தோற்றவர் உச்ச நீதிமன்றம் போக முடியுமா? முடியும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. வழக்கு தாக்கலாகும் நாளிலேயே அதன் மேல்முறையீட்டுப் படிகள் அத்தனையும் கட்சிக்காரரின் உரிமையாகிவிடுகின்றன. பின்னால் வரும் சட்டம் வெளிப்படையாகவோ தவிர்க்க முடியாத பொருளிலோ பறித்தாலன்றி அது நீங்காது. இதற்கு மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் பெரும் புலமை கொண்டவராகச் சென்னை அறிந்திருந்த அதே மனிதர்தான். அந்த ரூபாய் வரம்பே பிற்பாடு அரசமைப்பின் 30-ஆவது திருத்தத்தால் 1973-இல் மறைந்தது. பணமதிப்பு போய், பொது முக்கியத்துவமுள்ள சட்ட வினா இருக்கிறதா என்பது அளவுகோலானது.

வென்றவருக்கு முதல் பாதுகாப்பு நாள்கணக்கு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் என்றால் 90 நாள். மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம் போன்றவற்றுக்கு 30 நாள். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் கெடு தாண்டிய மனுவை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. ஆனால் இந்த 30, 90 இரண்டும் நாட்காட்டியில் எண்ணும் நாட்கள் அல்ல. தீர்ப்புச் சொன்ன நாளையும், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் 12-ஆவது பிரிவு கழித்துவிடுகிறது. அதனால்தான் நகலின் பின்பக்கம் அதன் முன்பக்கத்தைப் போலவே முக்கியம். விண்ணப்பித்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகல் கொடுத்த நாள் என்று அங்கே வரிசையாகத் தேதிகள் இருக்கும். அனுபவமுள்ள குமாஸ்தா தீர்ப்பைப் படிப்பதற்கு முன் காகிதத்தைத் திருப்பி அதைத்தான் பார்ப்பார். கட்டணம் கேட்ட பிறகு கட்டாமல் விட்ட நாட்களும், நகல் தயாரான பின் போய் வாங்காத நாட்களும் கட்சிக்காரர் கணக்கில்தான் எழுதப்படும்.

நகலுக்கே விண்ணப்பிக்காதவருக்கு இந்தச் சலுகை ஏதுமில்லை. திவால் சட்டத்தின் கீழ், சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2019 டிசம்பர் 31 அன்று பிறப்பித்த ஓர் ஆணையில் இது நடந்தது. இலவச நகல் வரும் என்று காத்திருந்தேன் என்றார் மேல்முறையீட்டாளர். அந்தச் சட்டத்தில் 30 நாள், போதிய காரணம் இருந்தால் மேலும் 15 நாள், அவ்வளவுதான். ஆணை சொல்லப்பட்ட நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, சான்றிட்ட நகலுக்கு மனுப் போடாமல் காத்திருந்தது உங்கள் பாடு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. கடுமைதான். ஆனால் திவால் நடவடிக்கையில் நாளொன்று தள்ளினால் சொத்தின் மதிப்பு கரையும் என்பதால் அந்தக் கடுமைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

சாதாரண சிவில் அப்பீலில் நிலைமை வேறு. கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டாலும் உடனே எண் கிடைத்துவிடாது. சென்னை உயர் நீதிமன்றத்திலும், 2004 ஜூலை 24-இல் தொடங்கப்பட்ட அதன் மதுரைக் கிளையிலும், மனு முதலில் எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண்ணோடு பரிசீலனைக்குப் போகும். கட்டணம் குறைவு, பக்கம் தெளிவாக இல்லை, தரப்பினர் விவரம் கீழமை நீதிமன்றத் தீர்ப்பாணையோடு பொருந்தவில்லை என்று ஏதாவது ஒரு குறிப்போடு 'ரிட்டர்ன்' ஆகும். சரிசெய்து குறித்த நாளுக்குள் திரும்பத் தாக்கல் செய்யாவிட்டால், அந்தத் தாமதத்துக்குத் தனியாக ஒரு மன்னிப்பு மனு. இப்படி எஸ்.ஆர். நிலையிலேயே பல மாதங்கள் படுத்திருக்கும் கட்டுகள் உண்டு. இந்தக் காலம் முழுவதும் வென்றவருக்கு எதிரே அப்பீல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நமது விதிகளில் இதைத்தான் பெரிய ஓட்டையாக நான் நினைக்கிறேன்.

இலங்கையின் சிவில் நடைமுறைச் சட்டக்கோவை இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது. அங்கே மேல்முறையீடு இரண்டு படிகளாக நடக்கிறது. தீர்ப்பு சொல்லப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள், ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக, தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுத்துவிட வேண்டும். எதிராளியின் செலவுக்குப் பிணையும், அவருக்கு அறிவித்தலின் பிரதி சேர்ந்ததற்கான சான்றும் கூடவே தேவை. காரணங்களை விரிவாக எழுதும் மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். தோற்றவருக்கு யோசிக்கக் காலமும் கிடைக்கிறது. வென்றவருக்குச் சில வாரங்களுக்குள் விஷயமும் தெரிந்துவிடுகிறது. சிறு பிழைகளால் எதிராளிக்குப் பாதகம் நேரவில்லை என்றால் நீதிமன்றம் மன்னிக்கவும் அங்கே இடம் இருக்கிறது.

மன்னிப்பு என்று வந்துவிட்டால் நம் நாட்டில் அது தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டது. காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்வது சின்ன விஷயம்: கெடுவுக்குள் வராததற்குப் போதிய காரணம் இருந்தது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால் அப்பீலை ஏற்கலாம். இந்தப் 'போதிய காரணம்' தாராளமாகப் பொருள்கொள்ளப்பட வேண்டும், அசட்டையோ கெட்ட எண்ணமோ இல்லாதவருக்கு உண்மையான நீதி கிடைப்பதற்காக என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு. 1890-ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அது அச்சாகியிருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. 1961-இல் ரேவா நிலக்கரி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. கெடு முடிந்த கணத்தில், இனி இத்தீர்ப்பை யாரும் தொட முடியாது என்று கருதும் மதிப்புமிக்க உரிமை வென்றவருக்குப் பிறந்துவிடுகிறது. அதை லேசாகக் குலைக்கக் கூடாது.

தராசு ஒரு பக்கம் சாய்ந்தது 1987-இல். காஷ்மீரின் அனந்த்நாக் நில எடுப்பு வழக்கில் அரசு 4 நாள் தாமதமாக அப்பீல் செய்திருந்தது. உயர் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேண்டுமென்றே தாமதிப்பதால் யாருக்கும் லாபமில்லை, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பது என்றால் ஒவ்வொரு மணிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்ற தொனியில் நீதிபதி எம்.பி. தக்கர் எழுதினார். 4 நாளுக்கு அது நியாயமான பேச்சு. ஆனால் அந்தத் தீர்ப்பு 4 நாளுக்காக எழுதப்பட்டது என்பதே பிறகு மறந்துபோனது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 1998-இல் 883 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது. நாட்களின் நீளம் பொருட்டல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவு என்றது உச்ச நீதிமன்றம். வக்கீலை நம்பி ஏமாந்த ஒரு தனிமனிதருக்கு அது பொருந்தும். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரவில்லை என்று பிரமாணப் பத்திரம் எழுதும் அரசுத் துறைக்கு எப்படிப் பொருந்தும்?

இதை உச்ச நீதிமன்றமே கேட்கத் தொடங்க 2012 ஆனது. அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை மறுத்தபோது, நவீன வசதிகள் இருக்கும் காலத்தில் அலுவலக நடைமுறையின் சிக்கலையே காரணமாகக் காட்டிக்கொண்டிருக்க முடியாது என்றது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசின் 663 நாள் தாமத வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. இவை வெல்வதற்காகப் போடப்படும் வழக்குகள் அல்ல, உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்று காட்டிக் கோப்பை மூடச் சான்றிதழ் வாங்கும் வழக்குகள் என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு கடிந்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது.

2024-இல் வந்த தீர்ப்பு எதிர்த்திசையின் உச்சம். தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக, அதாவது சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் அந்தத் திட்டத்துக்காக, ஆந்திராவில் நிலம் கொடுத்த ஒருவரின் வாரிசுகள் கூடுதல் இழப்பீடு கேட்டு 5,659 நாள் கழித்து அப்பீலுக்கு வந்தார்கள். அதே போன்ற மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கிறது என்பதாலேயே உங்களுக்கும் கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆன தாமதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்றிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த மனுக்களில் எப்போதும் கேட்கப்படுவது, "உனக்கு என்ன தடை இருந்தது?" என்ற கேள்விதான். "இந்த நாட்களில் எதிராளி அந்தத் தீர்ப்பை நம்பி என்ன செய்துவிட்டார்?" என்று கேட்பது அபூர்வம். நிலத்தை விற்றாரா, கடன் வாங்கிக் கட்டினாரா, பாகம் பிரித்தாரா என்பது பதிவானால் மன்னிப்பின் அளவுகோல் தன்னால் நேராகும். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை எல்லாக் கெடுக்களையும் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது வேறு கதை. அங்கே யாரும் யாரையும் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பீல் போட்டதாலேயே கீழமைத் தீர்ப்பு நின்றுவிடும் என்று ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. நிற்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 அதைத் தெளிவாகவே சொல்கிறது. வென்றவர் அடுத்த நாளே நிறைவேற்று மனு போடலாம். அதற்கு அவருக்கு 12 ஆண்டு காலம் இருக்கிறது. தடுக்க விரும்புபவர்தான் தனியாகத் தடை கேட்க வேண்டும், கணிசமான இழப்பு நேரும் என்று காட்ட வேண்டும், பிணை தர வேண்டும். கெடு தாண்டி வந்த அப்பீலானால், அதை விசாரிப்பதென்று நீதிமன்றம் முடிவெடுக்கும்வரை தடையே தரக்கூடாது என்று 1976-இல் சேர்க்கப்பட்ட விதி 3ஏ கட்டுப்போடுகிறது. தன்னைக் கேட்காமல் தடை கொடுத்துவிடக் கூடாதென்று வென்றவர் 'கேவியட்' போட்டுவைக்கலாம். அதன் ஆயுள் 90 நாள், பிறகு புதுப்பிக்க வேண்டும். வாடகை வெளியேற்ற வழக்குகளில் தடை வாங்கிக்கொண்டு பழைய வாடகையிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தந்திரத்துக்கு 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவு கட்டியது. வெளியேற்ற ஆணை பிறந்த நாளிலிருந்து, அந்த இடத்துக்குச் சந்தையில் என்ன கிடைக்குமோ அதைச் செலுத்தச் சொல்லித் தடைக்கு நிபந்தனை விதிக்கலாம் என்றது. வென்றவருக்குக் கைமேல் பலன் தந்த தீர்ப்புகளில் அது ஒன்று.

கட்டணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்பீலில் எந்த அளவுக்குத் தகராறோ அந்த அளவுக்கு முதல் வழக்கில் கட்டியிருக்க வேண்டிய அதே கட்டணம். மதிப்பில் 7.5 சதவீதமாக இருந்தது 2017-இல் 3 ஆகக் குறைந்தது. வசதியில்லாதவர் கட்டளை 44-இன் கீழ் கட்டணமின்றி வரலாம்.

உண்மையான சிக்கல் இரண்டாம் மேல்முறையீட்டில் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டிலும் தோற்றவர், "ஹைகோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் அடைகிறார். பார்க்க ஹைகோர்ட்டுக்குச் சட்டம் விட்டிருக்கும் சாளரம் மிகக் குறுகலானது. யார் அனுபவத்தில் நிலம் இருந்தது, உயிலில் இருப்பது அவர் கையெழுத்துத்தானா, பணம் கைமாறியதா போன்ற உண்மைகளை அங்கே திறக்க முடியாது. எவ்வளவு அப்பட்டமாகப் பிழையாக இருந்தாலும் உண்மை பற்றிய முடிவுக்காக இரண்டாம் அப்பீலை ஏற்க அதிகாரமில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1890-இலேயே சொல்லிவிட்டது. சென்னை முழு அமர்வின் தாராள வாசகம் அச்சான அதே ஆண்டு.

ஆனாலும் இரண்டாம் அப்பீலைத் தரும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 100-ஆவது பிரிவில் "சட்டத்துக்கு முரண்" என்ற சொற்றொடர் அகலமாக இருந்ததால், எந்தப் பிழையையும் சட்டப் பிழையாக உடை மாற்றி உள்ளே கொண்டுவர முடிந்தது. சட்ட ஆணையம் 1973-இல் தன் 54-ஆவது அறிக்கையில் இதை அடைக்கப் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சாரமான சட்ட வினா ஒன்று இருந்தாலொழிய இரண்டாம் அப்பீல் இல்லை. அந்த வினாவை மேல்முறையீட்டாளர் மனுவில் துல்லியமாகச் சொல்ல வேண்டும். திருப்தியானால் நீதிமன்றம் அதைத் தன் கையால் வகுக்க வேண்டும். விசாரணை அந்த வினாவின் மேல்தான். அப்படி ஒரு வினாவே இல்லை என்று வாதாடவும் எதிராளிக்கு உரிமை உண்டு. வேறொரு வினா தேவையென்று பட்டால் காரணம் எழுதி நீதிமன்றம் சேர்க்கலாம். பணம் வசூலிக்கும் வழக்கில் 25,000 ரூபாய்க்குள் என்றால் இந்தப் படியே கிடையாது.

'சாரமான' என்றால் எது? இதற்கான விடையும் சென்னையிலிருந்து வந்ததே. 1951-இல் சென்னை முழு அமர்வு ஒன்று வகுத்த அளவுகோலை, 1962-இல் சுனிலால் மேத்தா – செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது. பொது முக்கியத்துவம் இருக்க வேண்டும், அல்லது இந்தத் தரப்பினரின் உரிமையையே நேரடியாகப் பாதிக்க வேண்டும். கூடவே அது இன்னும் தீராத வினாவாகவோ, ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துக்கு இடமுள்ளதாகவோ இருக்க வேண்டும். தீர்ந்துபோன கோட்பாட்டை ஒரு வழக்குக்குப் பொருத்துவது மட்டும் என்றால் சாரமில்லை.

ஆகவே தோற்றவருக்கு உண்மையில் கடைசி வாய்ப்பு மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்தில் நடக்கும் முதல் அப்பீல்தான். அங்கே சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோட வேண்டும். தீர்மானிக்க வேண்டிய அம்சங்கள், முடிவு, அதன் காரணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்கிறது கட்டளை 41, விதி 31. விசாரணை நீதிமன்றத்தில் காட்டாமல் வைத்திருந்த பத்திரத்தை அங்கே நீட்ட விதி 27 லேசில் விடாது. இந்தக் கட்டத்தில் சோம்பலாக வாதாடிவிட்டு உயர் நீதிமன்றத்தை நம்பியிருப்பது, வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தெருவில் எறிவது.

இவ்வளவு இறுக்கமான பிரிவை நீதிமன்றங்கள் எப்படிக் கையாண்டன? வினாவை வகுக்காமலே இரண்டாம் அப்பீலை அனுமதித்து, ஆண்டுகள் கழித்து கீழமைத் தீர்ப்புகளைப் புரட்டிய வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவண்ணம் இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு மருந்து ஒன்றேதான்: தீர்ப்பை ரத்துசெய், வினாவை வகுத்து மறுபடி விசாரிக்க உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பு. சட்டப்படி அது சரி. ஆனால் யாருடைய நிம்மதிக்காக 1976-இல் அந்த நிபந்தனை வந்ததோ, அவரே அது மீறப்பட்டதற்கான விலையாக இன்னொரு சுற்றுக் காத்திருக்கிறார். உண்மைகளை இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துச் சொன்ன வழக்கில் வினாவே எழவில்லை என்று தெரிந்தால், திருப்பியனுப்பாமல் கீழமைத் தீர்ப்பை அங்கேயே உறுதிசெய்துவிடுவதுதான் சட்டத்தின் நோக்கத்துக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன்.

ஏனென்றால் திரும்பி வரும் கட்டில் சட்டத்துக்கு முன்பே மரணம் வந்து உட்கார்ந்திருக்கும். அப்பீல் நிலுவையில் ஒரு தரப்பினர் இறந்தால் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். தவறினால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். அதுவும் போனால் மறுபடி 5-ஆவது பிரிவின் போதிய காரணம். தன் கட்சிக்காரர் இறந்த செய்தியை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது வக்கீலின் கடமை என்று 1976 திருத்தம் ஒரு விதியைச் சேர்த்தது. கூட்டாகவும் பிரிக்க முடியாததாகவும் உள்ள தீர்ப்பாணையில் ஒருவர் பொருட்டு அப்பீல் அற்றுப்போனால் மொத்த அப்பீலுமே அற்றுப்போகும் என்று 1961-இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முப்பது வாரிசுகள் கொண்ட பாகப்பிரிவினை வழக்கில் ஒரே ஒரு பெயரைக் கவனிக்காமல் விட்டதால், நல்ல சட்ட வினா கொண்ட அப்பீல்கூட விசாரணைக்கே வராமல் முடியலாம். வாதம் முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைத்த பிறகு இறந்தால் மட்டும் விதிவிலக்கு. அந்தத் தீர்ப்பு அவர் உயிரோடு இருந்தபோது சொல்லப்பட்டதைப் போலவே செல்லும்.